உபாத்தியாயர் கண்ட எண்

நாம் சுதந்திரமடைந்த 1947-ஐயே எடுத்துக்கொள்வோம். இலக்கங்களை இறங்கு வரிசையில் எழுதி, அதிலிருந்து ஏறு வரிசையில் எழுதியதைக் கழித்தால் 9741 − 1479 = 8262. விடையையும் அவ்விதமே மாற்றிக் கழித்துக்கொண்டு போனால் ஐந்தாம் கழித்தலில் 6174 வரும். அப்புறம் எத்தனை முறை கழித்தாலும் அதுவேதான். நான்கும் ஒரே இலக்கமாயிராத எந்த நாலிலக்க எண்ணும் ஏழு கழித்தலுக்குள் இங்கு வந்து சேரும். இடையில் மூன்று இலக்கமானால் முன்னே பூஜ்யமிட வேண்டும், அவ்வளவே.

இதைக் கண்டவர் நாசிக்கையடுத்த தேவ்லாலியில் பள்ளி உபாத்தியாயராயிருந்த கப்ரேகர். 1949-ல் சென்னைக் கணித மகாநாட்டில் இதனை வெளியிட்டார். நம் வித்வான்களிற் பலர் வெறும் விளையாட்டென்று நகைத்தனர். அந்நியர் மெச்சிய பின்னரே நம்மவரை நாம் மதிப்பது என்ன வழக்கமோ! 1975-ல் அமெரிக்கரான மார்ட்டின் கார்ட்னர் எழுதிய பிறகே அவர் பிரசித்தியடைந்தார். அப்போது அவர் உத்தியோகத்திலிருந்து விலகிப் பதின்மூன்று வருஷங்கள் ஆகியிருந்தன.