குழந்தையின் மகிழ்ச்சிக்கு மார்க் போடலாமா?

2018 ஜூலை 2 அன்று, டெல்லி தியாகராஜ் விளையாட்டரங்கில், தலாய் லாமாவின் முன்னிலையில் ‘ஹேப்பினஸ் கரிக்குலம்’ தொடங்கப்பட்டது. டெல்லி அரசுப் பள்ளிகளில் நர்சரி முதல் எட்டாம் வகுப்பு வரை தினமும் ஒரு பாடவேளை இதற்கென ஒதுக்கப்பட்டது. கண்ணை மூடி மூச்சைக் கவனிப்பது, கதை கேட்பது, சேர்ந்து ஏதாவது செய்து பார்ப்பது, மனதில் பட்டதைச் சொல்வது ஆகியவைதான் பாடம். பரீட்சை இல்லை, மார்க் இல்லை. ஏறத்தாழ ஆயிரம் பள்ளிகளில் எட்டு லட்சம் பிள்ளைகள் இந்த வகுப்பில் உட்கார்ந்தார்கள். அப்போதைய கல்வி அமைச்சர் மணீஷ் சிசோடியா இதைத் தன் அரசின் அடையாளத் திட்டமாகவே முன்வைத்தார். 2020 பிப்ரவரியில் மெலனியா டிரம்ப் டெல்லி வந்தபோது ஒரு அரசுப் பள்ளிக்குப் போய்ப் பார்த்ததும் இந்த வகுப்பைத்தான்.

பரீட்சையே இல்லாத பாடம் பலன் தருகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பொதுப்பணமும் பிள்ளைகளின் நேரமும் செலவாகும்போது இந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். அமெரிக்காவின் புரூக்கிங்ஸ் ஆய்வு நிறுவனமும் பெங்களூரின் ‘டிரீம் எ டிரீம்’ அமைப்பும் சேர்ந்து அந்த வேலையில் இறங்கின. மகிழ்ச்சி என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் அளக்க முடியாது. அதனால் கவனம், தன்னம்பிக்கை, பிறரோடு பழகும் விதம், ஆசிரியரோடுள்ள உறவு என்று அதைப் பிரித்துக்கொண்டு, ஆசிரியர்களிடமும் மாணவர்களிடமும் பேசி, அந்தப் பேச்சிலிருந்து கேள்விகளை உருவாக்கினார்கள். 2020இல் அறிக்கை வந்தது. பிள்ளைகள் வகுப்பில் கூடுதலாகப் பங்கெடுக்கிறார்கள், எங்களோடு நெருக்கமாகிவிட்டார்கள் என்று ஆசிரியர்கள் சொல்லியிருந்தார்கள்.

இது நல்ல செய்திதான். ஆனால் அந்த அறிக்கை அளவுகோலைச் செய்துபார்க்கும் முயற்சி. திட்டம் வென்றதா தோற்றதா என்ற தீர்ப்பு அதில் இல்லை. பாடம் நடத்தியவரிடமே பலன் உண்டா என்று கேட்டால் உண்டு என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். இந்த வகுப்பு இல்லாத பள்ளிகளோடு ஒப்பிட்டால்தான் உண்மை நிலை தெரியும். பிரிட்டனில் அப்படி ஒப்பிட்டார்கள். 85 பள்ளிகளில், எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடந்த ‘மிரியட்’ ஆய்வின் முடிவு 2022இல் வெளியானது. மூச்சைக் கவனிக்கும் பயிற்சி பெற்ற மாணவர்களின் மனநலம், வழக்கமான வகுப்புகளில் இருந்தவர்களின் மனநலத்தைவிட மேம்படவில்லை. டெல்லியின் வகுப்பில் கதையும் உரையாடலும் இருந்தன, சூழலும் வேறு என்பதால் அந்த முடிவை அப்படியே இங்கே பொருத்திவிட முடியாது. நம்பிக்கையும் சான்றும் வேறு வேறு என்பதற்கு அது போதிய எச்சரிக்கை.

மார்க் பக்கம் எல்லாம் தெளிவாக இருக்கிறதா என்றால், அதுவும் இல்லை. இதைக் காட்டிய முக்கியமான ஆய்வு டெல்லியிலேயே நடந்திருக்கிறது. கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், அலெஹாந்த்ரோ கனிமியன் ஆகிய மூவரும் அரசுப் பள்ளி மாணவர்கள் 619 பேரைத் தொடர்ந்து கவனித்து, 2019இல் கட்டுரை வெளியிட்டார்கள். பள்ளி முடிந்த பிறகு ‘மைண்ட்ஸ்பார்க்’ என்ற கணினிப் பயிற்சி மையத்தில், குலுக்கலில் தேர்வான பிள்ளைகள் நாலரை மாதம் படித்தார்கள். அந்த மென்பொருள் குழந்தை எந்த நிலையில் இருக்கிறதோ அங்கிருந்து பாடம் தொடங்கும்.

அதில் கிடைத்த முதல் தகவலே மனதைப் பிசைகிறது. ஆறாம் வகுப்பில் இருக்கும் சராசரி மாணவர் கணக்கில் இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார். ஒன்பதாம் வகுப்புக்கு வரும்போது அந்த இடைவெளி நாலரை வகுப்பாகிவிட்டது. ஒன்பதாம் வகுப்பு பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு நாலாம், ஐந்தாம் வகுப்புக் கணக்குதான் கைவருகிறது. கரும்பலகையில் அல்ஜீப்ரா ஓடுகிறது.

இரண்டாவது தகவல் அளவுகோலைப் பற்றியது. பயிற்சி பெற்ற பிள்ளைகள் ஆய்வாளர்கள் தனியாக வைத்த தேர்வில் கணக்கிலும் இந்தியிலும் நன்றாக முன்னேறியிருந்தார்கள். பள்ளி நடத்திய கணக்குப் பரீட்சையிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தெரியவில்லை. காரணம் எளிது. பள்ளிப் பரீட்சை வகுப்புக்குரிய பாடத்தை மட்டும் கேட்டது. மூன்றாம் வகுப்பு நிலையிலிருந்து ஐந்தாம் வகுப்பு நிலைக்கு ஏறிவந்த ஒரு எட்டாம் வகுப்பு மாணவியின் உழைப்பு அந்தக் கேள்வித்தாளுக்குத் தென்படாது. அவள் ரிப்போர்ட்டில் முன்பும் ஃபெயில், இப்போதும் ஃபெயில். மார்க் பொய் சொல்லவில்லை. ஆனால் அவளைப் பற்றி அது எதையுமே சொல்லவில்லை.

மார்க்கும் மனநலனும் கைகோத்துப் போகின்றனவா என்று பெற்றோர் கேட்பதுண்டு. 2018இல் சூசன் பியூக்கரும் சக ஆய்வாளர்களும் 47 ஆய்வுகளை, ஏறத்தாழ 39 ஆயிரம் மாணவர்களின் தரவைச் சேர்த்துக் கணக்கிட்டார்கள். தொடர்பின் அளவு 0.16 என்று வந்தது. தொடர்பே இல்லையென்றால் 0. முழுமையாக ஒட்டியே நகர்ந்தால் 1. ஆகவே தொடர்பு இருக்கிறது, மெலிதாக. நன்றாகப் படிக்கும் பிள்ளை நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்ட இந்த எண் இடம் தராது. வீட்டில் நாம் அன்றாடம் செய்யும் தவறு இதுதான்: 95 வாங்கி வந்த பிள்ளையிடம் எப்படி இருக்கிறாய் என்று கேட்க மறந்துவிடுகிறோம்.

சரி, நேரடியாகவே கேட்டுவிடலாமே? பிசா என்ற சர்வதேசத் தேர்வு 2015இல் அதைச் செய்தது. வாழ்க்கையில் எவ்வளவு நிறைவாக இருக்கிறாய், பத்துக்கு எத்தனை என்று 15 வயதுப் பிள்ளைகளைக் கேட்டது. வளர்ந்த நாடுகளின் சராசரி 7.3. கணக்கில் முன்னணியில் நிற்கும் தென்கொரியா 6.4. மெக்சிகோ 8.3. மெக்சிகோ பிள்ளைகள் உண்மையிலேயே அவ்வளவு நிறைவாக இருக்கிறார்களா, அல்லது கொரியப் பண்பாட்டில் ‘நான் நன்றாக இருக்கிறேன்’ என்று சொல்வதற்கே கூச்சமா? இந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு பிரித்தறிய முடியாது.

பாஸ்டன் நகரில் மார்ட்டின் வெஸ்ட் குழுவினர் கண்டது இன்னும் வியப்பானது. கண்டிப்பான, படிப்பில் சிறந்த பள்ளிகளில் சேர்ந்த பிள்ளைகள் மார்க்கில் முன்னேறினார்கள். அதே பிள்ளைகள் தங்கள் விடாமுயற்சிக்கும் சுயகட்டுப்பாட்டுக்கும் தாங்களே போட்டுக்கொண்ட மதிப்பு மற்றப் பள்ளிப் பிள்ளைகளுடையதைவிடக் குறைவாக இருந்தது. சுற்றி எல்லோரும் விழுந்து விழுந்து படிக்கும்போது ‘நான் சோம்பேறி’ என்று தோன்றிவிடும். இந்தச் சுயமதிப்பீட்டை வைத்துப் பள்ளிகளை வரிசைப்படுத்தினால் நல்ல பள்ளி கடைசிக்குப் போகும்.

நம் நாட்டில் இந்தக் கேள்வியைப் பெரிய அளவில் கேட்டது மத்திய அரசின் கல்வி ஆய்வு நிறுவனமான என்சிஇஆர்டி. அதன் ‘மனோதர்ப்பண்’ பிரிவு 2022 ஜனவரி முதல் மார்ச் வரை, ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் 3,79,842 மாணவர்களிடம் கருத்தாய்வு நடத்தியது. பதற்றத்துக்குக் காரணம் படிப்பு, பரீட்சை, ரிசல்ட் என்று சொன்னவர்கள் 81 சதவீதம். நடுநிலையிலிருந்து உயர்நிலை வகுப்புகளுக்கு மாறும்போது பள்ளி வாழ்க்கை பற்றிய நிறைவு குறைகிறது என்பதும் அதில் தெரிந்தது.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். டெல்லியின் மகிழ்ச்சி வகுப்பு எட்டாம் வகுப்போடு முடிந்தது. அந்தக் காலத்தில் எட்டாவது வரை யாரையும் ஃபெயிலாக்கக் கூடாது என்ற விதி இருந்ததால், பிள்ளை தோல்வியை முதன்முதலில் சந்தித்தது ஒன்பதாம் வகுப்பில். கணக்கில் இடைவெளி நாலரை வகுப்பாக விரிவதும் அங்கேதான். நிறைவு சரியத் தொடங்குவதும் அந்தப் பருவத்தில்தான். இவை வெவ்வேறு ஆய்வுகள், வெவ்வேறு மாணவர்கள். ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று நிறுவ இவை போதாது. என்றாலும் இவற்றை ஒரே மேசையில் வைத்துப் பார்த்தால், உதவி எங்கே முடிகிறதோ அங்கேதான் சிரமம் தொடங்குகிறது என்பது கண்ணில் படுகிறது. மாணவர் தரவு என்ற ஒன்று சேகரிக்கத் தகுந்தது என்றால் அது இதற்காகத்தான்.

ஆனால் சேகரிப்பதில் ஒரு பெரிய முடிச்சு இருக்கிறது. என்சிஇஆர்டி ஆய்வில் பெயர் எழுதுவது கட்டாயமில்லை. அதனால்தான் பிள்ளைகள் மனம் திறந்தார்கள் என்று நம்பலாம். பெயர் கேட்டிருந்தால் ‘எல்லாம் நன்றாக இருக்கிறது’ என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். பெயர் இல்லாததால் இன்னொன்றும் நடக்கிறது: ‘என்னால் முடியவில்லை’ என்று எழுதிய குழந்தையை யாராலும் தேடிப் போக முடியாது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் மட்டும் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். பெயரில்லாத கருத்தாய்வால் கொள்கை வகுக்கலாம். ஒரு பிள்ளையைக் காப்பாற்ற அந்தப் பிள்ளை நம்பும் ஒரு மனிதர் வேண்டும். இரண்டு வேலைக்கும் ஒரே படிவம் உதவாது என்பதே என் கருத்து.

அரசே அளந்து அரசே பதிவுசெய்தால் அளவீடு என்ன ஆகும் என்பதற்கும் இந்தியாவில் சான்று உண்டு. பெட்டர் பெர்கும் அபிஜித் சிங்கும் மத்தியப் பிரதேசத்தில் அரசு நடத்திய மதிப்பீட்டில் பதிவான மார்க்கையும், அதே பிள்ளைகள் தனித்தேர்வில் எழுதியதையும் ஒப்பிட்டார்கள். அரசுப் பதிவேட்டில் மார்க் ஊதிப் பெருத்திருந்தது. கணக்குத் தேர்வே இப்படி வளைகிறதென்றால், ‘நீ சந்தோஷமாக இருக்கிறாயா’ என்ற கேள்வி எத்தனை நாள் நேராக நிற்கும்? நாளை டெல்லியில் மகிழ்ச்சித் தரவரிசை என்று ஒன்று வந்தால், எந்தப் பெட்டியில் டிக் அடிக்க வேண்டும் என்பதும் வகுப்பிலேயே சொல்லித்தரப்படும்.

மோசமான எண் வந்தால் தேர்வையே கைவிடும் பழக்கமும் நமக்கு உண்டு. தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் கலந்துகொண்ட பிசா தேர்வின் முடிவு 2011 டிசம்பரில் வந்தது. இரண்டும் பட்டியலின் அடியில் இருந்தன. அதற்கு அடுத்த சுற்றுகளில் இந்தியா கலந்துகொள்ளவில்லை.

தரவு யாருடையது என்பதும் பெற்றோர் கவனிக்க வேண்டியது. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்கு உட்பட்டவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. குழந்தைகளின் நடத்தையைக் கண்காணிப்பதையும் தடுக்கிறது. 2025 நவம்பரில் வந்த விதிகள் கல்வி நிறுவனங்களுக்கு இவற்றில் சில விலக்குகளைத் தந்திருக்கின்றன. ஆனால் குழந்தையின் நலனுக்குக் கேடு விளைவிக்கும் வகையில் தரவைக் கையாளக் கூடாது என்ற பிரிவு அப்படியே இருக்கிறது. மனநலப் படிவம் வீட்டுக்கு வந்தால் இதை யார் பார்ப்பார்கள், எத்தனை நாள் வைத்திருப்பார்கள், ஆபத்தான பதில் வந்தால் அன்றே யார் பேசுவார்கள் என்று கேட்கப் பெற்றோருக்கு முழு உரிமை உண்டு.

டெல்லியில் 2025 பிப்ரவரியில் ஆட்சி மாறியது. பாடத்திட்டங்களின் பெயர்களும் மாறத் தொடங்கியிருக்கின்றன. திட்டம் எந்தப் பெயரில் வந்தாலும் ஒரு வேலை மிச்சமிருக்கிறது. அதே ஆண்டு ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம், நூறு அல்லது அதற்கு மேல் மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்களில் பயிற்சி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று வழிகாட்டுதல் தந்திருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் நுழையும் ஒவ்வொரு பிள்ளையின் வருகைப் பதிவையும், வாசிப்பு நிலையையும், கணக்கு நிலையையும் கையில் வைத்துக்கொண்டு அந்த ஆலோசகர் முதல் மாதத்திலேயே அவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டும். அடுத்த கருத்தாய்வுக்கான கேள்வித்தாள் அச்சுக்குப் போகும் முன்பே அந்த நியமனம் நடந்திருக்க வேண்டும்.