சரளை அகழ்தலும் நிலம் பேணலும்

வீடும் வீதியும் பாலமும் எழுப்புவார்க்குச் சரளை இன்றியமையாப் பொருளாம். பொன்னையும் மணியையும் போற்றுவார்போல அதனைப் போற்றுவார் ஒருவரும் இலர். எம் ஊர்ப்புறத்தே சரளை அள்ளியபின் கைவிடப்பட்ட பள்ளம் ஒன்று உண்டு. மாரிக்காலத்தில் அது நீர் நிரம்பி நிற்கும். அதன் ஆழம் இன்னதென்று அறிவார் இன்மையின், தாய்மார் தம் சிறாரை அப்பக்கம் போகவொட்டார். அங்கே பயிரும் இல்லை, மேய்ச்சலும் இல்லை. நிலத்தைத் தோண்டினால் அதன் முடிவு இதுதானோ என்னும் ஐயம் எமக்கு நெடுநாள் இருந்தது. அன்று என்பதற்கு இங்கிலாந்து தேயத்துச் சரளைக்குழி ஒன்று சான்றாய் நிற்றலின், அதன் வரலாற்றை ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

கேம்பிரிட்ஜ்ஷயரில், கிரேட் ஊஸ் என்னும் ஆற்றின் அருகே, நீடிங்வொர்த் என்னும் சிற்றூர் உளது. பனியூழிக் காலத்து ஆறுகள் அடித்துக் கொணர்ந்த மணலும் சரளையும் அங்கே வயல்களின் கீழ்ப் பரந்து கிடக்கின்றன. ஏறத்தாழ 2 கோடியே 80 லட்சம் டன் மணலும் சரளையும் முப்பது ஆண்டுகளில் எடுப்பதென்றும், அகழ்ந்த நிலத்தைப் பறவைகள் வாழும் நாணற்சதுப்பாக ஆக்குவதென்றும் 1990களில் திட்டம் எழுந்தது. நெடுங்காலம் ஹான்சன் என்னும் பெயரால் வழங்கிய கம்பெனியாரும், பறவைகளைக் காக்கும் அரச சங்கத்தாரும் இதில் ஒன்றுபட்டனர். நிலமோ சுமார் 700 ஹெக்டேர். இத்துணைப் பரப்பையும் ஒருங்கே திறந்துவிடின் ஒரு தலைமுறைக்கு அஃது வெறும் புண்ணாகக் கிடக்குமன்றோ? ஆதலின் பகுதி பகுதியாக அகழ்தலே முறையாயிற்று.

இத்தகைய படிமுறை விரிவு எங்ஙனம் வகுக்கப்படுகின்றது என்பதை இனிக் காண்போம். முதலாவது, நிலத்தில் ஆங்காங்குத் துளையிட்டு, மேலே கிடக்கும் மண் எத்தனை அடி, அதன்கீழ்ச் சரளை எத்தனை அடி என்று அளப்பர். மேல்மண் மிகுந்து சரளை குறைந்த இடத்தைத் தோண்டுதல் நட்டமாம். இவ்வளவைக்கொண்டே எப்பகுதியை முன்னும் எப்பகுதியைப் பின்னும் திறப்பது என்று படத்தில் வரைவர். கழுவிச் சலிக்கும் ஆலைக்குச் சரளை போகும் தொலைவும், ஊரார் வீடுகள் நிற்கும் இடமும் அவ்வரிசையைத் தீர்மானிப்பனவாம்.

இரண்டாவது, மண்ணைப் பேணல். மேலுள்ள விளைமண்ணையும் அதன்கீழ் உள்ள அடிமண்ணையும் வெவ்வேறாக அகற்றுதல் வேண்டும். இரண்டும் கலப்பின் விளைவு கெடும். ஈரம் மிகுந்த காலத்தில் மண்ணைப் பெயர்ப்பின் அது பொறிகளின் கனத்தால் இறுகிவிடும். ஆதலின் உலர்ந்த நாட்களையே தெரிந்துகொள்வர். படிமுறையின் சிறப்பு இங்கேதான் விளங்குகின்றது. மூன்றாம் பகுதியில் பெயர்த்த மண்ணை, அகழ்ந்து முடிந்த முதற் பகுதியில் நேரே பரப்பலாம். ஒரு குழி திறக்கும்போதே மற்றொரு குழி மூடப்படுகின்றது; மண்ணும் குவியலாய் நெடுநாள் கிடந்து உயிரற்றுப் போவதில்லை.

மூன்றாவது, நீர். ஆற்றோரச் சரளை நீரில் ஊறிக் கிடப்பது. அதனை உலர அகழ்வதற்கு நீரை இறைத்தால், அயலார் கிணறும் ஓடையும் வற்றுதல் கூடும். ஆதலின் ஒவ்வொரு பகுதியைச் சூழவும் களிமண்ணால் அணை கோலி, வெளிநீர் உட்புகாமற் காப்பதுண்டு. பகுதி சிறிதாயின் இறைக்கும் நீரும் சிறிதாம்.

நான்காவது, பழம்பொருள். கேம்பிரிட்ஜ்ப் பல்கலைக்கழகத்துத் தொல்லியலார் இக்குழிகள் விரியுமுன் அந்நிலத்தை ஆராய்ந்து, வெண்கலக் காலத்து மக்களின் ஈமமேடுகள் முதலியவற்றைக் கண்டனர். ஒருமுறை பொறி வாரிக்கொண்டு போனதை மறுமுறை எவர் மீட்க வல்லார்? அடுத்த பகுதி இன்னதென்று முன்னரே குறிக்கப்பட்டிருந்தமையாலன்றோ அறிஞர்க்கு அவ்வாய்ப்புக் கிட்டியது!

கம்பெனியாரின் நல்லெண்ணம் ஒன்றினால் மட்டும் இவை நிகழ்ந்தன என்று கருதற்க. அந்நாட்டில் 1947ஆம் ஆண்டுச் சட்டம், இசைவின்றிப் புதிதாக அகழ்தல் ஆகாது என்று விதித்தது. 1981ஆம் ஆண்டுச் சட்டமோ, அகழ்ந்த நிலத்தைத் திருத்தியபின்னும் சில ஆண்டுகள் பேணுமாறு நிபந்தனை விதிக்க வழி செய்தது. நம் நாட்டிலும் 2012ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம், ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த சிறு கனிமக் குழிகளுக்கும் சுற்றுச்சூழல் இசைவு முன்னரே பெறவேண்டும் என்று பணித்தது. விதி இரு நாட்டிலும் உண்டு. அது குழியின் கரைவரை செல்கின்றதா என்பதே வினா.

ஊஸ் ஆற்றங்கரையில் விளைந்த பயனைக் கேளுங்கள். கொக்கினத்தைச் சேர்ந்த குருகு ஒன்று அந்நாட்டில் நாணலிடையே வாழ்வது. சதுப்புகளை வடித்து வயலாக்கியமையால் அது அருகிற்று. 1997ஆம் ஆண்டில் முழங்கும் ஆண்குருகுகள் பதினொன்றே எண்ணப்பட்டன. பல இடங்களிலும் நாணலை மீட்டதன் பயனாகப் பின்னர் அத்தொகை இருநூற்றைக் கடந்தது. ஊஸ் சதுப்பில் 460 ஹெக்டேர் நாணல் வளர்ப்பதே குறிக்கோள். சரளை அள்ளிய குழியிலிருந்து இன்று குருகின் முழக்கம் எழுகின்றது. அப்பால் அடுத்த பகுதிகளில் அகழ்வும் நடைபெறுகின்றது.

நிலத்தைத் தோண்டாமல் வீடு கட்டுதல் இயலாது. யாம் பயிலும் கல்லூரிக் கட்டடமும் எங்கோ ஒரு குழியிலிருந்து எழுந்ததே. ஆயின் கடைசிக் கூடை அள்ளியபின் அந்நிலம் என்னவாகும் என்பதை முதற் கூடை அள்ளுமுன் வரைந்து வைத்தல் இயலும். முன் திறந்ததைத் திருத்தினாலன்றிப் பின்னதைத் திறவாமையும் இயலும். எம் ஊர்ப் பள்ளத்தைத் தோண்டினார்க்கும் அத்தகைய படம் ஒன்று இருந்திருப்பின், தாய்மார் இன்று அஞ்சவேண்டுவதில்லை.