தாளினின்று தாளுக்கு வழி

சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற தென்னிந்தியாவின் முதல் பயணியர் இருப்புப்பாதை, நமது மணவூர் வழியாகவே செல்லுகின்றது. இப்பாதையில் வண்டியேறும் நாம் சிவப்பும் பச்சையுமாக எரியும் சிக்னல் விளக்குகளைக் காண்கின்றோமேயன்றி, அவற்றை எரியச்செய்யும் கம்பிகளையும் ரிலேக்களையும் நினைப்பதில்லை. இவற்றின் தொடர்பை உணர்த்துவதே மின்சுற்றுப்படம். ஒரு நிலையத்திற்குரிய சுற்றுப்படம் ஒரு தாளில் அடங்காது பல தாள்களாக விரியும். பழுது நேர்ந்தவிடத்து அதனைச் செப்பனிட வருபவர் பெரும்பாலும் அப்படத்தை வரைந்தவரல்லர். ஒரு தாளின் ஓரத்தில் முடியும் கம்பி எத்தாளில் தொடர்கின்றதென்று அவர் தேடும் நேரமெல்லாம் வண்டிகள் காத்து நிற்க நேரும்.

பெரிய சுற்றுகளை வரைவோர் கையாளும் முறை தேசப்பட நூலின் முறையை ஒத்தது. மாகாணத்தின் படத்தில் ஜில்லா ஒரு கட்டமாகவும், ஜில்லாவின் படத்தில் ஊர் ஒரு புள்ளியாகவும் நிற்றல்போல, முதல் தாளில் ஒவ்வொரு பகுதியும் ஒரு பெட்டியாக நிற்கும். பெட்டியின் விரிவு வேறொரு தாளில் இருக்கும். பெட்டியின் விளிம்பிலும் உட்தாளிலும் ஒரே பெயரை எழுதுதலால் கம்பியின் தொடர்ச்சி அறியப்படும். இதனையே படிநிலைச் சுற்றுப்படம் என்பர்.

இத்தகைய படங்களைக் கணினியில் வரைதற்குரிய கருவிகளுள் ஒன்று கீகேட் என்பது. பிரான்சு தேசத்துக் கிரெனோபிள் நகரில் ழான்-பியர் ஷராஸ் என்பார் 1992-இல் தொடங்கிய இக்கருவி யாவர்க்கும் விலையின்றிக் கிடைக்கின்றது. பம்பாய் ஐ.ஐ.டி.யின் ஃபாஸீ திட்டத்தார் மாணவர்களுக்கென அமைத்த ஈசிம் என்னும் தொகுப்பும் படம் வரைதற்கு இதனையே துணைக்கொண்டது.

கருவிக்குள் இருக்குங்கால், பெட்டியைச் சொடுக்கி உட்தாளுக்கு இறங்குதல் எளிது. ஆயின் செப்பனிடுவோரிடம் அக்கருவி இராது. 1993-இல் அடோபி நிறுவனத்தார் வெளியிட்ட பி.டி.எஃப். வடிவிலான ஏடே இருக்கும். ஏட்டிற்கு மாற்றும்போது தொடர்புகள் அறுந்துபோயின், எஞ்சுவது பக்கங்களின் குவியலேயாம். 2023 பிப்ரவரியில் வெளிவந்த கீகேட் ஏழாம் பதிப்பு இக்குறையை நீக்கிற்று. எல்லாத் தாள்களையும் ஒருங்கே பி.டி.எஃப். ஆக்கினால், பெட்டியின்மேல் கண்ணுக்குப் புலப்படாத ஒரு செவ்வகப் பரப்பு அமைக்கப்பட்டு, அதனைச் சொடுக்கியவழி உரிய பக்கத்திற்குச் செல்லும் வழி திறக்கின்றது. ஓர் உறுப்பைச் சொடுக்கின் அதன் மதிப்பு முதலியன தோன்றும். ஓரத்தில் தாள்களின் அட்டவணையும் நிற்கும்.

இத்தொடர்புகளைக் கையால் எழுதாது கருவியே படத்தினின்று ஆக்கிக்கொள்ளுதல் ஏன் இன்றியமையாதது? நமது திருத்தணியை நோக்குவோம். சித்தூர் ஜில்லாவிலிருந்த அவ்வூர் 1960 ஏப்ரல் முதல் நாள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. மலையும் கோயிலும் இருந்தவிடத்தே இருந்தன; ஆயினும் பழைய அட்டவணை கொண்டு தேடுவோர் வேறு படத்திற்கே சென்றிருப்பர். சுற்றுப்படத்திலும் ஒரு தாள் இடம் மாறியவுடன் கையெழுத்துக் குறிப்புகள் பொய்க்கும். ஆதலின் படம் திருத்தப்பெறுந்தோறும் ஏட்டையும் புதிதாக ஆக்குதல் வேண்டும்.

மற்றொன்றும் கருதத்தக்கது. ஒரே வகையான நான்கு சுற்றுகளுக்கு ஒரு தாளையே நான்கு முறை பயன்படுத்தலாம். உருவம் ஒன்றேயெனினும், உறுப்புகளின் எண்கள் நான்கிடத்தும் வெவ்வேறாம். ஆகவே ஏட்டில் நான்கு பக்கங்கள் தனித்தனியே அமைதலும், ஒவ்வொரு பெட்டியும் தனக்குரிய பக்கத்தையே காட்டுதலும் வேண்டும். மூன்றாம் பெட்டி இரண்டாம் பக்கத்தைக் காட்டுமாயின், செப்பனிடுவோர் பழுதற்ற ரிலேயைக் கழற்ற நேரும்.

எனினும் இவ்வசதிக்கு எல்லையுண்டு. விவரப் பட்டியல்களை எல்லா வாசிப்புக் கருவிகளும் காட்டுவதில்லை. காகிதத்தில் அச்சிட்டபின் சொடுக்குதற்கு இடமேயில்லை. ஆதலின் தாளின் பெயரையும் பக்க எண்ணையும், கம்பி தொடரும் பக்கத்தின் குறிப்பையும் எழுத்திலேயே பொறித்தல் அறிவுடைமை.

மின்னியல் பயிலும் நம் மாணவ நண்பர்கள் ஏட்டைப் பிறரிடம் அளிக்குமுன், படத்தை அறியாத ஒருவரிடம் கொடுத்து ஒரு கம்பியை முதல் தாளினின்று கடைசி உறுப்புவரை தேடச்செய்வார்களாக. அவர் வினவாது சென்றடைவாராயின் அப்படம் நிறைவுற்றதாம்.