வலிக்காத புண் ஏன் ஆறுவதில்லை?

கீழக்குயில்குடி சமணர் மலையின் வெயிலேறிய பாறையில் வெறுங்காலோடு ஏறினால், சுடும் இடத்திலிருந்து பாதம் தானாகவே விலகிக்கொள்ளும். சர்க்கரை நோய் பல ஆண்டுகள் நீடித்து நரம்பு மரத்துப்போனவருக்கு அந்த விலகல் நடப்பதில்லை; கொப்புளம் வந்த பிறகும் அதே இடத்தை ஊன்றி நடப்பார். "சர்க்கரை உடம்பு, புண் ஆறாது" என்ற பேச்சு பாதிதான் உண்மை. 1946-ல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், இதேபோல் உணர்விழந்த தொழுநோயாளிகளின் பாதங்களை ஆராய்ந்து, சதை தானாக அழுகுவதில்லை, உணர்வற்ற பாதத்தில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தமே அதைச் சிதைக்கிறது என்று காட்டினார். மாவுக்கட்டு போட்டு அழுத்தத்தைப் பரப்பியதும் நாள்பட்ட புண்கள்கூட ஆறின. அந்தப் புரிதலில் உருவானதுதான் நுண்துளை ரப்பர் வைத்த எம்.சி.ஆர். செருப்பு.

நம் முன்னோர் செருப்பில்லாமல் நடக்கவில்லையா என்று கேட்கலாம். நடந்தார்கள், உணர்வுள்ள பாதத்தோடு. அதனால்தான் பாத மருத்துவர், 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டு முதலில் உணர்வைச் சோதிக்கிறார்; ரத்த ஓட்டத்தைப் பார்க்கிறார்; பிறகு தடித்த தோலைச் சீவி, இறந்த சதையை அகற்றி, அந்த இடத்தின் சுமையைக் குறைக்கிறார். களிம்பு மட்டும் தடவினால் அந்தச் சுமை குறையாது. கால் ஆணிக்கும் இதே விதிதான்: அழுத்தம் மாறாவிட்டால் வெட்டினாலும் மறுபடி வளரும். அதை வீட்டில் பிளேடால் அறுப்பதும், அமிலம் தோய்ந்த பிளாஸ்திரி ஒட்டுவதும் மரத்த காலில் விரலையே பறித்துவிடக்கூடும்.