மணிக்கு 4 மீட்டர் ஓடும் நிழல்

ஜெய்ப்பூரை ஒரே நாளில் சுற்றிக் காட்டுகிறவர்கள் யாரைக் கேட்டாலும் ஏறக்குறைய ஒரே திட்டம்தான் சொல்வார்கள். காலையில் ஹோட்டல் வாசலுக்குக் காரும் கைடும் வந்துவிடும். ஹவா மஹாலுக்கு எதிரே சாலையோரம் நின்று ஒரு போட்டோ. அங்கிருந்து 11 கிலோமீட்டரில் ஆமேர் கோட்டை. திரும்பும் வழியில் ஏரிக்கு நடுவே ஜல் மஹால், அங்கே இன்னொரு போட்டோ. சாப்பாட்டுக்குப் பிறகு சிட்டி பேலஸ். அதை ஒட்டியே இருக்கிறதே என்று ஜந்தர் மந்தருக்கு ஒரு இருபது நிமிடம். மிச்சப் பொழுது அச்சுத்துணிக் கடைக்கும் ரத்தினக்கல் கடைக்கும் போய்விடும்; அங்கே கைடுக்குக் கமிஷன் உண்டு என்பது ஊரறிந்த சங்கதி.

அந்த இருபது நிமிடத்தைப் பற்றித்தான் இங்கே பேச்சு. ஆமேரும் ஹவா மஹாலும் கட்டடங்கள். கண்ணால் பார்த்தாலே பாதி புரிந்துவிடும். ஜந்தர் மந்தரில் இருப்பவை அளக்கும் கருவிகள். அவை எதை எப்படி அளக்கின்றன என்று தெரியாவிட்டால், யாரோ பெரிய சறுக்குமரங்களைக் கட்டி நடுவில் விட்டுவிட்டார்கள் என்றுதான் தோன்றும். அவற்றில் மிகப் பெரியதான சாம்ராட் யந்திரம் இன்றும் வேலை செய்கிறது. வெயில் அடிக்கும் எந்த நாளிலும், நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே.

இதைக் கட்டியவர் ஜெய்ப்பூரை 1727-ல் உருவாக்கிய சவாய் ஜெய்சிங். முகலாயர்களின் கீழ் மால்வாவுக்கும் ஆக்ராவுக்கும் சுபேதாராக இருந்தவர். வாழ்நாளில் பெரும்பகுதி படையெடுப்பிலும் தர்பார் அரசியலிலும் கழிந்தது. ஆனால் அவருக்கு ஒரு தீராத உறுத்தல் இருந்தது. அட்டவணைகள் சொல்லும் இடத்தில் கிரகங்கள் இருப்பதில்லை, சொல்லும் நேரத்தில் கிரகணம் பிடிப்பதில்லை. சமஸ்கிருத நூலானாலும் சரி, பாரசீக நூலானாலும் சரி, கணக்கும் வானமும் ஒத்துப்போகவில்லை. புதிதாக அளந்து புதிய அட்டவணை போட்டால்தான் தீரும் என்று முடிவு செய்தார்.

முதலில் பித்தளைக் கருவிகள்தான் செய்தார். அவை சிறியவை. அச்சு தேய்ந்தது, மையம் நகர்ந்தது, வளையத்தில் பிரிவுக்கோடுகளை வேண்டிய அளவு நுணுக்கமாகப் போட இடமில்லை. ஆகவே கல்லும் சுண்ணாம்பும் கொண்டு, அசையவே முடியாத அளவுக்குப் பெரிதாகக் கட்டிவிடுவது என்று இறங்கினார். 1724 வாக்கில் தில்லியில் தொடங்கி ஜெய்ப்பூர், உஜ்ஜயினி, காசி, மதுரா என்று ஐந்து ஊர்களில் வானாய்வகங்கள் எழுந்தன. மதுராவில் இருந்தது அடியோடு போய்விட்டது. ஐந்திலும் பெரியதும் முழுமையாக நிற்பதும் 1730-களில் முடிந்த ஜெய்ப்பூர்தான். ஏறக்குறைய 20 கருவிகள் அங்கே உண்டு. 2010 முதல் அது யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னம்.

இப்போது சாம்ராட் யந்திரத்துக்கு வருவோம். நடுவில் ஒரு முக்கோணச் சுவர், 20 மீட்டருக்கும் மேல் உயரம். அதன் சாய்ந்த முதுகு முழுக்கப் படிக்கட்டு. உச்சியில் சிறு மண்டபம். சுவரின் கிழக்கிலும் மேற்கிலும் இறக்கை விரித்தாற்போல இரண்டு வளைந்த பரப்புகள், ஒவ்வொன்றும் கால் வட்டம். அவற்றின் விளிம்பில் கோடு கோடாக அளவுகள் பொறித்த பளிங்கு பதித்திருக்கிறது. மொத்தக் கருவியும் இவ்வளவுதான். சக்கரமோ திருகோ கிடையாது, அசையும் உறுப்பு ஒன்றுகூட இல்லை. அசைவது பூமி மட்டும்.

ரகசியம் சுவரின் சாய்வில் இருக்கிறது. தரையில் ஒரு குச்சியை நட்டு அதன் நிழலை வைத்து மணி பார்க்க முயன்றால் சரியாக வராது. நிழல் ஒரு மணி நேரத்தில் நகரும் கோணம் காலையில் ஒன்று, நண்பகலில் இன்னொன்று. தை மாதத்தில் ஒன்று, ஆனியில் வேறொன்று. குச்சியை வடக்கு நோக்கிச் சாய்த்து, பூமியின் அச்சுக்கு இணையாக நிறுத்திவிட்டால் இந்தக் குழப்பம் தீர்ந்துவிடும். சூரியன் அந்தக் குச்சியையே அச்சாகக் கொண்டு சுற்றுவதுபோல ஆகிவிடுவதால், நிழல் ஒவ்வொரு மணிக்கும் சரியாக 15 பாகை நகரும், ஆண்டு முழுவதும்.

எவ்வளவு சாய்க்க வேண்டும்? ஊரின் அட்சரேகை எவ்வளவோ அவ்வளவு. ஜெய்ப்பூர் வடக்கே 27 பாகைக்குச் சற்றுக் குறைவான இடத்தில் இருக்கிறது; சுவரின் சாய்வும் அதுவே. தில்லியில் இதே கருவி இன்னும் செங்குத்தாக, 28½ பாகைக்குச் சற்று மேல் சாய்ந்து நிற்கும். உஜ்ஜயினியில் 23 பாகைதான். ஜெய்ப்பூர்க் கருவியைப் பெயர்த்து உஜ்ஜயினியில் வைத்தால் தப்பாக மணி காட்டும். சாய்வு துருவ நட்சத்திரத்தைக் குறிபார்க்கிறது என்று கைடு சொல்வார். கிட்டத்தட்ட சரி. உண்மையில் அது குறிபார்ப்பது வானத்தின் வடதுருவத்தை. துருவ நட்சத்திரம் இன்று அதிலிருந்து ஒரு பாகைக்கும் குறைவாக விலகியிருக்கிறது. ஜெய்சிங் காலத்தில் ஏறக்குறைய இரண்டு பாகை விலகியிருந்தது.

காலையில் சூரியன் கிழக்கே இருக்கும்போது சுவரின் நிழல் மேற்குக் கால் வட்டத்தின் மேல்முனையில் விழும். பொழுது ஏற ஏற நிழல் கீழே இறங்கும். நண்பகலில் அடியைத் தொட்டு மறைந்து, உடனே கிழக்குப் பக்கம் தோன்றி மேலே ஏறத் தொடங்கும். கால் வட்டத்தின் ஆரம் சுமார் 15 மீட்டர். மணிக்கு 15 பாகை என்றால் நிழலின் விளிம்பு அந்தப் பளிங்கின் மேல் மணிக்கு ஏறக்குறைய 4 மீட்டர் ஓடுகிறது. நிமிடத்துக்கு 6 செ.மீ.க்குச் சற்று மேல், வினாடிக்கு ஒரு மில்லிமீட்டர். அளவுகோலின் கோடு ஒன்றின் மேல் கண்ணை வைத்து அசையாமல் நில்லுங்கள். நிழல் அதைத் தொடுவதும், விழுங்குவதும், அடுத்த கோட்டை நோக்கி நகர்வதும் கண்ணுக்கே தெரியும். பூமி சுழல்கிறது என்று ஐந்தாம் வகுப்பில் படித்ததை நேரில் பார்க்க இதைவிட எளிய இடம் கிடையாது.

‘இரண்டு வினாடி வரை துல்லியம்’ என்பது கைடுகள் தவறாமல் சொல்லும் வாசகம். அளவுகோலின் மிகச் சிறிய பிரிவு இரண்டு வினாடி என்பது உண்மை. ஆனால் கோடு போட்டிருப்பதாலேயே அந்த அளவுக்குப் படித்துவிட முடியாது. குனிந்து நிழலின் விளிம்பைப் பாருங்கள். கத்தியால் வெட்டியதுபோல் இருக்காது, மங்கிக் கரைந்திருக்கும். காரணம், சூரியன் ஒரு புள்ளி இல்லை. அரைப் பாகை அகலமுள்ள தட்டு. அதன் ஒரு ஓரத்திலிருந்து வரும் வெளிச்சத்தைச் சுவர் மறைக்கும், மறு ஓரத்து வெளிச்சத்தை விட்டுவிடும். 15 மீட்டர் தூரத்தில் இந்த மங்கல் பட்டை அரைச் சாணுக்குச் சற்று அதிகமாக, 14 செ.மீ. அகலத்துக்கு விரிகிறது. நேரக் கணக்கில் அது இரண்டு நிமிடம்! கருவியைப் பெரிதாக்கப் பெரிதாக்க மங்கலும் சேர்ந்து பெரிதாகிறது. வெறும் அளவில் பெரிதாகக் கட்டிவிட்டால் துல்லியம் வந்துவிடும் என்ற நம்பிக்கை முட்டிக்கொள்ளும் இடம் இது.

இதற்கும் ஒரு கைவழி உண்டு. மெல்லிய நூலொன்றை இழுத்துப் பிடித்து, பளிங்குக்கு ஓரிரு செ.மீ. மேலே, நிழல் விளிம்புக்கு இணையாக வைத்து நகர்த்த வேண்டும். வெளிச்சப் பக்கத்தில் நூலுக்கென்று தனி நிழல் தெரியும். இருட்டை நோக்கி நகர்த்தினால் அது மெலிந்து, ஓரிடத்தில் பெரிய நிழலோடு கரைந்துபோகும். அந்த இடத்தைக் குறித்துக்கொண்டால், தெளிந்த நாளில் சில வினாடிகளுக்குள் நேரம் சொல்லிவிடலாம். அந்தச் சில வினாடிகள் நூல் பிடித்த கையின் திறமை. பளிங்குக் கோட்டின் திறமை என்று நினைத்துவிடக் கூடாது. சட்டைப் பையில் ஒரு முழம் தையல் நூல் வைத்துக்கொண்டு போனால் நீங்களே செய்து பார்க்கலாம். அளவுகோலைத் தொட வேண்டியதே இல்லை.

இனிக் கைக்கடிகாரத்தைப் பாருங்கள். கருவி காட்டும் நேரத்துக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கும். கருவி பழுதாகிவிட்டதோ என்று பலரும் இங்கேதான் கேட்பார்கள். நம் கடிகாரம் காட்டுவது 82½ பாகைத் தீர்க்கரேகையின் நேரம். ஜெய்ப்பூர் அதற்கு மேற்கே ஏழு பாகைக்குச் சற்றுக் குறைவாக இருக்கிறது. பாகைக்கு நான்கு நிமிடம் என்று வைத்தால், சூரியன் அங்கே உச்சிக்கு வரச் சுமார் 27 நிமிடம் தாமதம். இதோடு இன்னொரு கணக்கும் சேரும். பூமியின் பாதை முழு வட்டமாக இல்லாததாலும் அச்சு சாய்ந்திருப்பதாலும், சூரியன் ஆண்டில் சில காலம் கடிகாரத்தை முந்தும், சில காலம் பின்தங்கும். நவம்பர் தொடக்கத்தில் 16 நிமிடம் முந்துவதால் ஜெய்ப்பூரில் மொத்த வித்தியாசம் 11 நிமிடமாகக் குறையும். பிப்ரவரி நடுவில் 14 நிமிடம் பின்தங்குவதால் 41 நிமிடமாகக் கூடும். இந்தத் திருத்தத்தைக் கூட்டிச் சொல்லத் தெரிந்த கைடு நல்ல கைடு.

மணி பார்ப்பது இந்தக் கருவியின் ஒரு வேலைதான். சுவரின் சாய்ந்த விளிம்பிலும் அளவுகள் உண்டு. விளிம்பின் எந்தப் புள்ளியின் நிழல் கால் வட்டத்தில் விழுகிறது என்று உதவியாள் ஒருவர் சிறு கோலை வைத்துத் தேடிக் கண்டுபிடித்தால், சூரியன் வான நடுக்கோட்டுக்கு எத்தனை பாகை வடக்கே அல்லது தெற்கே இருக்கிறது என்பது கிடைத்துவிடும். கால் வட்டங்களைத் தாங்கும் சுவர்களுக்குள்ளே இருட்டறைகளும் இருக்கின்றன. அங்கே சிறு துளை வழியாக நண்பகலில் சூரியனின் பிம்பம் ஒரு வளைவின் மேல் விழும். அது ஷஷ்டாம்ச யந்திரம்.

மற்றவற்றில் நேரம் செலவிட வேண்டியது ஜெயப்பிரகாச யந்திரத்துக்கு. தரைக்குள் பதித்த இரண்டு பளிங்குக் கிண்ணங்கள். வானத்தையே கவிழ்த்து வைத்த வரைபடங்கள். மேலே குறுக்கே கட்டிய கம்பிகளின் நடுவே ஒரு சிறு வளையம், அதன் நிழல் விழும் இடமே சூரியன் இருக்கும் இடம். உள்ளே இறங்கி நின்று பார்க்க வேண்டுமே என்பதற்காகக் கிண்ணத்தைப் பட்டை பட்டையாக வெட்டிவிட்டிருக்கிறார்கள். வெட்டிய இடத்தில் நிழல் விழுந்தால்? அதற்குத்தான் இரண்டாவது கிண்ணம். ஒன்றில் வெற்றிடமாக உள்ள பகுதி மற்றதில் பளிங்காக இருக்கும். ஒரு மணி நேரம் இதில், அடுத்த மணி அதில். என்னைக் கேட்டால், ஜந்தர் மந்தரிலேயே புத்திசாலித்தனமான வேலைப்பாடு இதுதான். பன்னிரண்டு ராசிக்குமான ராசிவலயக் கருவிகளைச் சுற்றித்தான் எப்போதும் கூட்டம் நிற்கும். அவரவர் ராசிக்கு முன்னால் போட்டோ எடுத்துக்கொண்டு நகரலாம்.

ஜெய்சிங் இதையெல்லாம் தனியாகச் செய்யவில்லை. சாமர்கந்தில் உலுக் பேக் கட்டிய வானாய்வகம் அவருக்கு முன்மாதிரி. ஜகந்நாத சாம்ராட் என்ற பண்டிதர் தாலமியின் நூலை அரபியிலிருந்து சமஸ்கிருதத்துக்குக் கொண்டுவந்தார். ஜெய்சிங் போர்த்துகலுக்கு ஒரு குழுவையே அனுப்பி, பிரெஞ்சு வானியலாளர் லா ஹீரின் அட்டவணைகளை வரவழைத்தார். அவற்றில் சந்திரனின் இடத்தில் அரைப் பாகை பிழை இருப்பதாகக் கண்டுபிடித்தார். தன் அட்டவணையைப் பாரசீகத்தில் எழுதுவித்து முகலாயப் பேரரசர் முகம்மது ஷாவின் பெயரைச் சூட்டினார். அதே காலத்தில் கிரீனிச்சில் தொலைநோக்கியும் ஊசல் கடிகாரமும் கொண்டு அளந்துகொண்டிருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். வெறுங்கண் வானியலின் கடைசிப் பெரிய முயற்சி ஜெய்ப்பூர். வந்த காலம்தான் பிந்திவிட்டது. 1743-ல் அவர் இறந்தபின் கருவிகள் கவனிப்பாரற்றுப் போயின. 1901-1902-ல் பெரிய அளவில் பழுது பார்த்தார்கள். அந்த வேலையில் இருந்தவர்களில் ஒருவர் சந்திரதர சர்மா குலேரி, பின்னாளில் இந்திச் சிறுகதையில் அழியாப் பெயர் பெற்றவர்.

சுற்றுலாவைப் பதிவு செய்யும்போதே சில விஷயங்களைப் பேசிவிடுங்கள். மத்திய சுற்றுலாத் துறையின் அல்லது ராஜஸ்தான் சுற்றுலாத் துறையின் அடையாள அட்டை உள்ள கைடுதான் வேண்டும் என்று கேளுங்கள். கடைக்குப் போவதில்லை என்றால் காரில் ஏறும்போதே சொல்லிவிடுவது நல்லது. மாலையில் சொன்னால் மனத்தாங்கல்தான் மிஞ்சும். ஆமேரைக் காலையிலேயே, வெயில் ஏறுமுன் முடித்துவிட்டு, பகல் பதினொன்றே முக்காலுக்குள் ஜந்தர் மந்தருக்குள் நுழைந்துவிடுங்கள். அப்போதுதான் மேற்குப் பக்கம் நிழல் இறங்கி முடிவதையும், ஜெய்ப்பூரின் உண்மையான உச்சிப்பொழுதையும், கிழக்கில் நிழல் ஏறத் தொடங்குவதையும் ஒருசேரப் பார்க்க முடியும். மழைக்கால மேகமும் மார்கழி மூடுபனியும் இந்தக் கருவிக்கு விடுமுறை. அக்டோபர் முதல் மார்ச் வரை, வானம் தெளிந்த நாளாகப் பாருங்கள். ஹவா மஹாலின் 953 சாளரங்களும் சாலையிலிருந்தே நன்றாகத் தெரியும். அங்கே மிச்சமாகும் நேரத்தை இங்கே போட்டு, ஜந்தர் மந்தருக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கச் சொல்லிக் கைடிடம் முன்கூட்டியே உறுதி வாங்கிக்கொள்ளுங்கள்.