அன்றாட வேதியியல் – 7: குப்பியைக் குலுக்குங்கள்

தம்போய் மாமாக் கடையில் நள்ளிரவு நெருங்கும் நேரத்தில் நாசி லெமாக்கும் தே தாரேயும் முடித்துப் படுத்தால் சிலருக்கு நெஞ்சு எரியத்தான் செய்யும். மலேசிய அரசாங்கக் கிளினிக்குகளில் இதற்குக் கொடுத்துப் பழகிய மருந்து எம்.எம்.டி. புதினா மணக்கும் வெள்ளைத் திரவம். நம் வீடுகளில் பலரும் குப்பியைக் குலுக்காமல் அப்படியே கரண்டியில் ஊற்றிக் குடித்துவிடுகிறார்கள். அதில் எவ்வளவு வீணாகிறது என்பதை நான்காம் படிவ வேதியியலே சொல்லிவிடும்.

பிரிட்டிஷ் மருந்தியல் நூலின் செய்முறைப்படி 10 மி.லி. மருந்தில் சோடியம் பைகார்பனேட், இலேசான மக்னீசியம் கார்பனேட், மக்னீசியம் டிரைசிலிக்கேட் மூன்றும் 500 மில்லிகிராம் வீதம் உள்ளன. எடை ஒன்றுதான், வேலை ஒன்றல்ல.

முதலில் பைகார்பனேட். ஒரு மோல் 84 கிராம். அது ஒரு மோல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு சேர்ந்து உப்பும் நீரும் கரியமில வாயுவும் ஆகிறது. 500ஐ 84ஆல் வகுத்தால் 6 மில்லிமோல் அமிலம். குடித்ததும் வரும் ஏப்பம் இந்த வாயுதான்.

அடுத்து மக்னீசியம் கார்பனேட். மக்னீசியம் ஆக்சைடாகக் கணக்கிட்டால் எடையில் 40 முதல் 45 விழுக்காடு தேறும். ஒரு மோல் மக்னீசியம் இரண்டு மோல் அமிலத்துக்கு ஈடு. ஆகவே 10 முதல் 11 மில்லிமோல். பைகார்பனேட்டைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு!

டிரைசிலிக்கேட் நிதானமாக வேலை செய்வது. அதை ஒதுக்கிவிட்டாலும் மற்ற இரண்டும் சேர்ந்து 16 மில்லிமோலைத் தாண்டும். வயிற்று அமிலத்தின் செறிவு லிட்டருக்கு 0.1 மோல் என்று வைத்தால் 160 மி.லி. அமிலம் அடங்கும். ஆனால் வயிறு நாள்தோறும் ஒன்றரை லிட்டருக்குக் குறையாமல் சுரக்கிறது. அதனால்தான் நிம்மதி நீடிப்பதில்லை.

இந்த மூன்றில் நீரில் கரைவது பைகார்பனேட் மட்டுமே. மக்னீசியம் உப்புகள் இரண்டும் அடியில் தங்கிவிடும். குலுக்காமல் ஊற்றினால் கிடைப்பது பெரும்பாலும் அந்த 6 மில்லிமோல்தான். கூடவே 137 மில்லிகிராம் சோடியம் முழுதாக உள்ளே போகிறது. இரத்த அழுத்தம் உள்ள நம் பெரியவர்கள் இதைக் கட்டாயம் மருத்துவரிடம் கேட்க வேண்டும். அடிக்கடி எரிந்தால் எல்லாருமே.

பள்ளி ஆய்வகத்தில் இதைச் சோதிக்கலாம். வயிற்றமிலத்தை அடக்கும் மருந்துகளை அமெரிக்க மருந்தியல் நூல் சோதிக்கும் முறையும் இதுவே: 1 மோலார் அமிலம் 30 மி.லி. எடுத்து, மருந்தைச் சேர்த்து 15 நிமிடம் கலக்கி, மிஞ்சிய அமிலத்தை 0.5 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடால் பி.எச். 3.5 வரும்வரை அளப்பது. பி.எச். மானி இல்லாத பள்ளியில் மெத்தில் ஆரஞ்சு போதும். தெளிந்த மேல்நீர் 10 மி.லி. சேர்த்தால் 48 மி.லி. அளவுக்கு ஹைட்ராக்சைடு செலவாக வேண்டும். நன்றாகக் குலுக்கிய 10 மி.லி. சேர்த்தால் 28க்குள் முடிந்துவிட வேண்டும்.