கைம்முதல் – 7: முப்பத்தொரு சென்ட்

வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரில், 1903 நவம்பர் 2, திங்கட்கிழமை. செயின்ட் லூக் பென்னி சேவிங்ஸ் பேங்க் கதவைத் திறந்த முதல் நாளிலேயே முன்னூறு பேருக்குச் சற்றுக் குறைவானவர்கள் கணக்குத் தொடங்கினார்கள். எட்டாயிரம் டாலருக்கு மேல் சேர்ந்தது. அவர்களில் ஒருவர் போட்ட தொகை 31 சென்ட். ஒரு டாலரில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அந்த எட்டாயிரத்தைவிட இந்த 31 சென்ட்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஏன் என்று சொல்ல, போன வாரம் நிறுத்திய இடத்துக்கே திரும்ப வேண்டும்.

ஃப்ரீட்மன்ஸ் சேவிங்ஸ் பேங்க் 1874 ஜூனில் மூடப்பட்டதைப் பார்த்தோம். அடிமைத்தளை அறுந்த மக்கள், லிங்கன் கையெழுத்திட்டு உருவான வங்கி, அரசாங்கமே பொறுப்பு என்று நம்பிப் போட்ட பணம். 61,000 பேருக்கு மேல் போட்டிருந்தார்கள். ஏறத்தாழ 30 லட்சம் டாலர். நிர்வாகத்தில் இருந்தவர்கள் வேண்டப்பட்டவர்களுக்குத் தக்க ஈடில்லாமல் கடன் கொடுத்தார்கள். கடைசி நேரத்தில் தலைவராக உட்காரவைக்கப்பட்ட ஃப்ரெடரிக் டக்ளஸ் தன் கைப்பணம் 10,000 டாலரைப் போட்டும் அது மீளவில்லை. சிலருக்குப் பாதிக்குச் சற்று மேல் திரும்பியது. பலருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்கு வராது என்பார்கள். அந்த மக்களை மறுபடி ஒரு வங்கியின் வாசலுக்கு வரவைத்தவர் மேகி லீனா வாக்கர்.

துணி வெளுத்துப் பிழைத்த ஒரு தாயின் மகள் அவர். 1876இல் வளர்ப்புத் தந்தை ஜேம்ஸ் ஆற்றில் பிணமாகக் கிடந்தார். அதன்பின் குடும்பம் முழுக்க அம்மாவின் சலவையில்தான் ஓடியது. வெள்ளையர் வீடுகளில் அழுக்குத்துணி வாங்கிவருவதும் வெளுத்ததைக் கொண்டுபோய்க் கொடுப்பதும் சிறுமி மேகியின் வேலை. ஒரு கூடைத் துணிக்கு என்ன கிடைக்கும், அதில் எவ்வளவு மிஞ்சும் என்பதெல்லாம் அவருக்குச் சிறு வயதிலேயே அத்துப்படி.

மேகி கையில் எடுத்தது புதிய அமைப்பு அல்ல. 1867இல் பால்டிமோரில் மேரி பிரௌட் என்ற கறுப்பினப் பெண்மணி தொடங்கிய செயின்ட் லூக் சங்கம் ஏற்கெனவே இருந்தது. உறுப்பினர் சந்தா கட்டுவார். நோயில் விழுந்தால் உதவி, இறந்தால் அடக்கச் செலவு. 1899இல் மேகி செயலாளர் பொறுப்பேற்றபோது சங்கத்தின் கையிருப்பு 31 டாலர் 61 சென்ட். கடன் 400 டாலர். அவர் ஊர் ஊராகப் போய் ஆள் சேர்த்தார். 1901இல் உறுப்பினர்கள் முன் மூன்று திட்டங்களை வைத்தார்: ஒரு பத்திரிகை, ஒரு வங்கி, ஒரு பல்பொருள் அங்காடி. மறு ஆண்டே ‘செயின்ட் லூக் ஹெரால்டு’ வந்துவிட்டது. வங்கி என்றால் என்ன என்று கற்றுக்கொள்ள, நகரத்தின் வெள்ளையர் வங்கியான மெர்ச்சன்ட்ஸ் நேஷனல் பேங்கில் தினமும் சில மணி நேரம் போய் உட்கார்ந்தார்.

இன்று தொழில்முனைவோர் கூட்டங்களில் ‘நெட்வொர்க்’ என்று சொல்லி விசிட்டிங் கார்டு மாற்றிக்கொள்கிறோம். ரிச்மண்டில் அது, இழவு வீட்டில் தோள்கொடுத்தவர்களின் பழக்கம். யார் நாணயமானவர், யாருக்கு எந்த மாதம் கை இறுக்கம் என்பது சங்கக் கூட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். சலவைத் தொழிலாளிகளும் வீட்டு வேலை செய்தவர்களும் புகையிலைத் தொழிற்சாலைப் பெண்களும் சேர்த்துவைத்த சிறுவாட்டுக் காசு வங்கிக்கு வந்தது, இந்தப் பழக்கத்தின் மேல் வைத்த நம்பிக்கையால்தான்.

மேகி குழந்தைகளையும் விடவில்லை. சங்கத்தின் சிறுவர் பிரிவுப் பிள்ளைகளுக்குச் சின்ன அட்டை உண்டியல் கொடுத்தார். செய்தித்தாள் விற்றோ, புல் வெட்டியோ, கடைக்கு ஓடியோ ஒரு டாலர் சேர்ந்ததும் வங்கிக்கு எடுத்துவந்து சொந்தப் பெயரில் கணக்குத் தொடங்கலாம். நிதிக் கல்வி என்று இன்று கனமாகப் பேசுகிறோமே, அங்கே அதற்கு அட்டை உண்டியல் போதுமாக இருந்தது. ஒற்றைக்கால் ஷூ பாலிஷ் பையன் ஒருவனைப் பற்றி மேகி சொல்வதுண்டு. தோளில் பிரஷ் பெட்டியோடு அலைந்தவனைச் சேமிக்கச் சொன்னார். கையில் கொஞ்சம் சேர்ந்ததும் ஓர் இடம் வாடகைக்குப் பிடித்து நாற்காலி போட உதவினார்கள். தெருவில் குனிந்து துடைத்தவன் கடைக்காரனானான்.

1920க்குள் இந்த வங்கியின் கடனில் சுமார் 600 வீடுகள் கறுப்பினக் குடும்பங்களின் கைக்கு வந்திருந்தன. வீட்டுக் கடனுக்கும் தொழிலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். ஈடு வைக்கச் சொத்தில்லாதவருக்கு வங்கிகள் எளிதில் தொழில் கடன் தருவதில்லை. தன் பெயரில் பத்திரம் வந்த பிறகுதான் கேட்கவே வாய் வரும்.

எல்லாம் கைகூடவில்லை. மூன்றாவது திட்டமான பல்பொருள் அங்காடி, 1905இல் திறந்த செயின்ட் லூக் எம்போரியம், ஏழு ஆண்டுகூடத் தாங்கவில்லை. கறுப்பினப் பெண்கள் கௌரவமாக நின்று விற்பனை செய்த கடை அது. வெள்ளை வணிகர்கள் ஒன்றுகூடி, அதற்குச் சரக்குப் போடக்கூடாது என்று மொத்த வியாபாரிகளை நெருக்கினார்கள். கறுப்பின வாடிக்கையாளர்களிலும் பலர் பழகிய வெள்ளையர் கடைகளுக்கே போனார்கள். இதை மேகி மேடைகளில் வெளிப்படையாகவே கடிந்து பேசினார். முதல் போட்டாயிற்று, கடையும் திறந்தாயிற்று. சரக்கு வரும் வழியை இன்னொருவர் அடைத்துவிட்டால் என்ன செய்வது? பணம் மட்டும் கொடுத்துக் கைகழுவுகிற திட்டங்களைப் பார்க்கும்போதெல்லாம் இந்தக் கடைதான் எனக்கு நினைவுக்கு வருகிறது.

வங்கி பிழைத்தது. பெருமந்தம் தொடங்கியிருந்த 1930இல் நகரத்தின் இன்னொரு கறுப்பினத்தவர் வங்கியோடு இணைந்து கன்சாலிடேட்டட் பேங்க் அண்ட் டிரஸ்ட் ஆனது. கால்கள் செயலிழந்து சக்கர நாற்காலியில் இருந்த மேகி அதன் தலைவராக இருந்தார். 1934 டிசம்பரில் காலமானார். 2005 வரை அந்த வங்கி கறுப்பினத்தவர் கையிலேயே இருந்தது.

கறுப்பினப் பெண்களின் தொழிலுக்குக் கைம்முதல் தேடும் முயற்சி நம் காலத்திலும் தொடர்ந்தது. அட்லாண்டாவில் ஃபியர்லெஸ் ஃபண்ட் என்ற நிறுவனம், கறுப்பினப் பெண்களின் சிறு தொழில்களுக்கு 20,000 டாலர் மானியம் கொடுத்துவந்தது. 2023இல் அதன் மேல் வழக்கு விழுந்தது. 2024 செப்டம்பரில் சமரசம் ஏற்பட்டு மானியம் நின்றது. வழக்கில் காட்டப்பட்டது, ஒப்பந்தங்களில் நிறபேதம் கூடாது என்ற 1866ஆம் ஆண்டுச் சட்டம். அடிமைத்தளையிலிருந்து வெளியே வந்தவர்களைக் காக்க எழுதப்பட்ட சட்டம் அது. அந்த வழக்கை அடுத்த வாரம் விரிவாகப் பார்ப்போம்.

(தொடரும்)